ஒரு பூ தவணை

எங்கள் அத்தானுக்கு வழி கேட்கத் தெரியாது. புது ஊருக்குப் போனாலும் பழகிய ஊர் மாதிரியே நடப்பார். பாதை பிரியும் இடத்தில் சற்று நின்று, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எது அகலமாகத் தெரிகிறதோ அதில் இறங்கிவிடுவார். பக்கத்திலேயே வெற்றிலைபாக்குக் கடை இருக்கும். கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இது எங்கே போகிற பாதை என்று ஒரு வார்த்தை கேட்டால் அவனுக்கும் பொழுது போகும். அத்தான் கேட்க மாட்டார். கேட்காததோடு, "எங்க போணும் அண்ணாச்சி?" என்று அவனே கேட்டாலும், "சும்மா, இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கூட்டுவார்.

முட்டத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அக்காவும் நாங்களும் முதல் நாளே வண்டி கட்டிப் போய்விட்டோம். அத்தானுக்குக் கருப்பட்டிச் சந்தை இருந்ததால் மறுநாள் காலையில் தனியாகப் புறப்பட்டார். கோவிலில் தாலி கட்டி, பாட்டுப் பாடி, பந்தியும் முடிந்து, இலைகளை அள்ளிக் குழியில் போட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் மணல். மணவாளக்குறிச்சி வரைக்கும் நடந்திருக்கிறார். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது முட்டத்துக் கலங்கரை விளக்கம் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. பெண்ணின் தகப்பனார் பதறிப்போய், "சாப்பிட்டியளா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றார் அத்தான். எங்கே ஆச்சு, எப்படி ஆச்சு என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். ஊர் திரும்பியதும் பானையில் கிடந்த பழஞ்சிச் சோறு முழுவதையும் அவரே கரைத்துக் குடித்து முடித்தார்.

கேட்காமல் அவருக்குக் கிடைத்த நல்ல பொருள் எங்கள் அக்கா ஒருத்திதான் என்று நான் கேலி பண்ணுவேன். பெண் கேட்டு வந்தவர் அவருடைய அப்பா. இவரைக் கேட்டு வரச் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, பயிர் எப்படி, மழை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போயிருப்பார். நான் இப்படிச் சொன்னால் அத்தான் கோபப்பட மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கேலி பண்ணியவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும்.

அவரிடம் ஒரு நல்ல மூங்கில் ஏணி இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் முருங்கைக்காய் பறிக்க வாங்கிப் போனார். முருங்கை காய்த்து ஓய்ந்து மறுபடியும் பூத்தது, ஏணி திரும்பி வரவில்லை. ஓடு நகர்ந்து வீடு ஒழுகியபோது அத்தான் பெஞ்சின்மேல் ஆட்டுரலை ஏற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஏணி வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பார்க்கச் சாய்ந்து நின்றது. அடுத்த வீட்டுக்காரருக்கே பொறுக்காமல், "அண்ணாச்சி, ஏணி வேணுமா?" என்று கேட்டுவிட்டார். "வேண்டாம், நீங்க வச்சிக்கிடுங்க" என்றார் அத்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் போய் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தேன். "ஏலே, அவிய என்ன நெனைப்பாவ?" என்று அன்று முழுவதும் அவர் முகம் வாடிக் கிடந்தார்.

இந்த மனிதர் வியாபாரம் பண்ணினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அஞ்சுகிராமம் பக்கத்துப் பனங்காடுகளில் கருப்பட்டி வாங்கிக் கோட்டாற்றுக் கடைகளுக்குப் போடுவார். சரக்கு நல்ல சரக்கு. அதனால் கடைக்காரர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். பணம் மட்டும் அவர்களுக்குத் தோன்றியபோது வரும். நிலுவை வாங்கக் கடைக்குப் போவார், உட்காருவார், கடைக்காரனின் பிள்ளைகளை ஒவ்வொன்றாக நலம் விசாரிப்பார், எழுந்து வந்துவிடுவார். இப்படிப் போய் வந்த நாளெல்லாம் "இன்னைக்கு நல்ல பேச்சு" என்று அக்காவிடம் சொல்லுவார்.

வீட்டு ஜெபத்திலும் இதே கதைதான். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள். வீட்டுக்கு வீடு ஜெபம் உண்டு, ஜெபம் என்றால் பாதி விண்ணப்பம்தான். மழை வேண்டும், சுகம் வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும் என்று ஆண்டவரை நாங்கள் சும்மா விட்டதில்லை. அத்தான் முழங்கால் போட்டால் தொடக்கம் முதல் கடைசி வரை நன்றி மட்டும்தான். நேற்றைய சோற்றுக்கு நன்றி, கிணற்றுத் தண்ணீருக்கு நன்றி, கூரைக்கு நன்றி. அக்கா ஒருநாள், "உங்களுக்கு ஆண்டவர்கிட்ட கேக்கதுக்கும் வெட்கமாக்கும்" என்றாள். "அவருக்குத் தெரியாததையா நாம சொல்லப் போறோம்?" என்று அவர் திருப்பிச் சொன்னார். அக்காவுக்கு அவர் பதிலுக்குப் பதில் சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான்.

கடைசிக் காலத்தில், கொட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓலைவீட்டில் அவரும் அக்காவும் வாடகைக்கு இருந்தபோது, படுக்கையில் விழுந்தார். தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டார். உதடு காய்வதைப் பார்த்து அக்காதான் கொடுப்பாள். ஒரு செம்பை அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே வைத்திருப்பாள். என்னைக் கண்டால் எழுந்து உட்காரப் பார்ப்பார். "என்ன வேணும் அத்தான்?" என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். அப்போதெல்லாம் எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வரும். எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வழியையும் ஏணியையும் நிலுவையையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். வீட்டு விஷயத்தை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

வீடு அவருடைய அப்பா கட்டியது. ஓட்டு வீடு. முன்னால் ஒரு அறை, உள்ளே ஒரு அறை, பின்னால் அடுக்களை. கிணற்றடியில் மட்டி வாழை. பிள்ளை இல்லாத எங்கள் அக்கா அந்த வீட்டைத்தான் வளர்த்தாள். சாணி மெழுகிய தரையில் ஒரு கீறல் விழுந்தால் யாருக்கோ காயம் பட்ட மாதிரி ஓடி வருவாள். பெரிய வீடு இல்லை. ஆனால் அஞ்சுகிராமத்தில் இருந்து வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கினால் எழுந்து போக மனம் வராது.

அத்தானுடைய தம்பி கொழும்பில் கடை வைக்கப் போகிறேன் என்று வந்து பணம் கேட்டான். கேட்கிறவர்களைக் கண்டால் அத்தானுக்கு நெஞ்சு இளகிவிடும். கேட்பது எத்தனை கஷ்டமான காரியம் என்று அவருக்குத்தானே தெரியும்! கையில் பணம் இல்லை. மேலத்தெரு முதலாளியிடம் வீட்டை ஈடு எழுதிக் கொடுத்து வாங்கினார். முதலாளி என்றால் எங்கள் பக்கத்தில் வயலும் பணமும் உள்ள பெரிய கை. எழுதிய கையோடு தம்பி கப்பலேறினான். போன புதிதில் ஒரு கடிதம் வந்தது. பிறகு இல்லை. அவனிடம் எழுதிக் கேளுங்கள் என்று அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். அத்தான் கடிதம் எழுதத்தான் செய்தார். "இங்கு எல்லாரும் சுகம். அங்கு உன் சுகத்துக்கு எழுதவும்." அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

பிறகு எல்லாவற்றுக்கும் விலை விழுந்த காலம் வந்தது. நெல்லை வாங்க ஆள் இல்லை, தேங்காயை வாங்க ஆள் இல்லை, கருப்பட்டியை யார் கேட்டார்கள்? வட்டி நின்றது. வட்டிக்கு வட்டி ஏறியது. முதலாளியின் காரியஸ்தர் இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்து போனார். அவர் தெருமுனையில் வருவது தெரிந்தால் அத்தான் கொல்லை வழியாக வட்டக்கோட்டைக் கடற்கரைக்குப் போய்விடுவார். கடனைக் கொடுக்க மனமில்லாமல் ஓடுகிறார் என்று ஊரில் பேச்சு வந்தது. அவர் ஓடியது தவணை கேட்க வேண்டியிருக்குமே என்ற பயத்தில்.

உண்மையில் வேண்டியிருந்தது ஒரு பூ தவணைதான். எங்கள் நாஞ்சில் நாட்டில் வருஷத்துக்கு இரண்டு பூ. ஒன்று கன்னிப்பூ, ஒன்று கும்பப்பூ. நெல் விளைச்சலை அப்படித்தான் சொல்லுவோம். கொடுக்கல் வாங்கல், கல்யாணம், கூலி எல்லாம் பூக்கணக்கில்தான் நடக்கும். அக்காவுக்குச் சீதனமாக வந்த தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒரு விவசாயி சம்மதித்திருந்தார். கும்பப்பூ அறுத்து நெல்லை விற்றதும் பணம் தருவதாகச் சொன்னார். அந்தப் பணம் வந்தால் வீட்டை மீட்டுவிடலாம். முதலாளி அதுவரை கோர்ட்டுக்குப் போகாமல் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா முதலாளி வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "கடன் பிரமாணம் எழுதித் தந்தவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னு சொல்லுகாவ. பொம்பளய அனுப்பிச்சா எப்பிடி?" என்றாளாம். அது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கையெழுத்துப் போட்டவர் நேரே வந்து, முகத்தைப் பார்த்து, ஒரு பூ பொறுக்க வேண்டும் என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்தால் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அக்கா அழுதாள். சண்டை போட்டாள். ஒருநாள் உலை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அத்தான் சம்மதித்தார். துணைக்கு நானும் போனேன். போகும்போது கிணற்றடியில் இருந்து பழுக்கிற பருவத்தில் ஒரு மட்டிக்குலையை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் நான் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். "ஒரு பூ தவணை வேணும். இவ்வளவுதான் அத்தான். வேற ஒண்ணும் பேசாண்டாம்." "சரி தம்பி, சரி தம்பி" என்று வந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தவர் எழுந்து, "வாரும் வே, இரியும்" என்றார். காப்பி வரச் சொன்னார். குலையைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு?" என்றார்.

"வீட்டுல காச்சது" என்றார் அத்தான்.

"நல்ல குலை."

"இந்த மட்டி நல்லா இனிக்கும்."

காப்பி வந்தது. குடித்தோம். முதலாளி காத்திருந்தார். நான் அத்தானின் முழங்கையை இடித்தேன்.

"வேற விசேசம் உண்டா?" என்று முதலாளியே வழி எடுத்துக் கொடுத்தார்.

"விசேசம் ஒண்ணுமில்ல."

"ஏதும் சொல்லணும்னா சொல்லும். கூச்சப்படாண்டாம். கேட்டாத்தான வே எனக்குத் தெரியும்?"

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாய் திறந்தார். எனக்கு உயிர் வந்தது. "வாழைக்கன்னு ஒண்ணு ரெண்டு தரட்டுமா? உங்க தோட்டத்துல வைக்கலாம்" என்றார்.

நான் குறுக்கே பாய்ந்து, "ஒரு பூ தவணை கேக்கத்தான் வந்தோம்" என்றேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தானையே பார்த்துக்கொண்டு, "அப்பிடியா வே?" என்றார். அத்தான் தரையைப் பார்த்தார். "அவன் சின்னப் பையன்" என்றார். எழுந்து கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார். வயல் வரப்பில் அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். கையில் கிடைத்ததை எடுத்து அவர் முதுகில் எறியலாமா என்று இருந்தது. பாதி வழியில் நின்று திரும்பி, "நல்ல மனுசன், என்ன தம்பி?" என்றார்.

ஆடியில் முதலாளி கேஸ் கொடுத்தார். அப்போது கொல்லத்தில் கயிற்றுக் கிட்டங்கி ஒன்றில் வேலை கிடைத்து நான் போய்விட்டேன். அத்தான் ஊரிலிருந்து எழுதுவார். எல்லாரும் சுகம் என்றுதான் எழுதுவார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு தரவில்லை. ஆகையால் ஐப்பசியில் நடந்தது எனக்கு அடுத்த ஆனியில்தான் தெரிய வந்தது.

கோர்ட் சம்மன் வந்தது, அத்தான் போகவில்லை. வாய்தா வந்தது, போகவில்லை. ஐப்பசி மழையில் குடையும் பையுமாக ஒரு கோர்ட் சேவகர் வந்தார். வடக்கே இருந்து வந்த ஆள். மலையாளம்தான் அவருக்குப் பேச்சு. காகிதமும் மலையாளத்தில்தான். திருவிதாங்கூர் சர்க்காரில் அப்போது அப்படித்தான். அவர் காகிதத்தை நீட்டி, "விதியாயி கேட்டோ" என்றாராம். அத்தான் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. மழை விடும்வரை அந்த ஆள் அங்கேயே நின்றிருக்கிறார். கேட்டிருந்தால் வரிவரியாகப் படித்துச் சொல்லியிருப்பார்.

சேவகர் போனதும் அத்தான் அடுக்களைக்குப் போய், "விதி வந்திட்டு" என்று அக்காவிடம் சொன்னார்.

மலையாளத்தில் விதி என்றால் கோர்ட் தீர்ப்பு. எங்களுக்கு விதி என்றால் தலையெழுத்து. அவர் சொன்ன குரலைக் கேட்டு அக்கா அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அக்கம்பக்கம் கூடியது. "விதின்னு ஆயிட்டுன்னா யாரு என்ன செய்ய முடியும்?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சபைப் பெரியவர்கள் வந்து ஆறுதலாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். சாவு வீட்டுக்கு வருவது போல ஊரே வந்து துக்கம் விசாரித்தது. காகிதம் மடித்தபடி பெட்டிக்குள் போயிற்று.

பங்குனியில் தோப்பு வாங்குகிறேன் என்ற விவசாயி சொன்ன சொல் தவறாமல் வந்தார். கும்பப்பூ அமோகமாக விளைந்திருந்தது. பணம் மடியில் இருந்தது. "வீடுதான் போச்சு. தோப்பாவது கெடக்கட்டும். நாளைக்குக் கஞ்சிக்கு என்ன செய்ய?" என்று அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த நிலையில் யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனியில் வீட்டு வாசலில் தமுக்கு அடித்து ஏலம் கூறினார்கள். அப்போதுதான் அக்கா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வந்து இறங்கியதும் நேரே நாகர்கோவிலுக்குப் போய், கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து விவரம் கேட்டேன். அவர் கேஸ் கட்டைத் தேடி எடுத்துப் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"விதியிலயே தவணை தந்திருக்குல்லா?" என்றார். "ஐப்பசியில விதி. ஆறு மாசத்துக்குள்ள ரூவாயைக் கட்டினா வீட்டுக்கு ஒரு தோசமும் இல்லேன்னு எழுதியிருக்கு. சித்திர வரைக்கும் நேரம் இருந்துதே! ஏன் கட்டல்ல?"

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐப்பசி முதல் சித்திரை வரை என்றால் நட்டு, வளர்ந்து, அறுத்து, விற்றுப் பணமாக்க ஒரு முழுக் கும்பப்பூ. அத்தான் கேட்கக் கூசிய தவணையைக் கோர்ட் கேட்காமலே கொடுத்திருக்கிறது. இவர்கள் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அழுது, பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

குமாஸ்தா மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சொன்னார்: "வீடு போறது கடனால இல்ல தம்பி. வாயைத் தொறந்து மிண்டாம இருக்கதாலயாக்கும். நானும் எத்தனையோ பாத்தாச்சு. கடன் கொடுத்தவன்கிட்ட மிண்டல்ல, சம்மன் வந்தா மிண்டல்ல, விதி வந்தாலும் மிண்டல்ல. இங்க வந்து என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு மனு போட்டு இன்னும் கொஞ்சம் நீட்டிக்கூட வாங்கியிருக்கலாம். இனி ஏலம் உறுதியாகதுக்குள்ள மொத்தமும் கட்டணும். ஒரு மாசம்தான் கெடைக்கும்."

திரும்பி வந்து சொன்னேன். அத்தான் கிணற்றடியில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மண்வெட்டியை ஊன்றியபடி கேட்டார். அக்கா கேட்டுக்கொண்டே வந்து, தோப்புக்காரர் பணத்தோடு வந்த நாளை நினைத்து நெஞ்சில் அறைந்துகொண்டாள். "பாவி மனுசா, ஒரு வார்த்தை கேட்டா நாக்கா தேஞ்சு போவும்?" என்று கத்தினாள். அவரை அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அத்தான் குனிந்து வாழைத் தூரில் இன்னும் ஒரு வெட்டு மண்ணை இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாக, "விதின்னா விதிதான தம்பி" என்றார். சிரிக்கவும் பார்த்தார்.

அந்த ஒரு மாதம் நான் ஓடாத ஓட்டம் இல்லை. தோப்பு வாங்க வந்த விவசாயியைத் தேடிப் போனேன். அவர் பாவம், மனம் வருந்தி, "நீங்க வேண்டாம்னு சொன்னதால வேற எடத்துல வாங்கிட்டேனே மக்கா" என்றார். வேறு யாரும் தேங்காய் விலை கிடந்த கிடையில் தோப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டாற்றுக் கடைகளில் ஏறி இறங்கி நிலுவையைக் கேட்டேன். "அவருகிட்ட கொடுத்திட்டேனே" என்று ஒருவன் கூசாமல் சொன்னான். கொடுத்தானா இல்லையா என்று அத்தானிடம் கேட்டால், "அவன் சொன்னா கொடுத்திருப்பான்" என்கிறார். முதலாளியிடம் நானே போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஏலத்தில் வீட்டை எடுத்தவரும் அவர்தான். "அன்னைக்கு எத்தனை தடவை வாயைக் கிண்டினேன்? நீயும் பக்கத்துல இருந்தியே. குலை கொண்டு வந்தாரு, கன்னு தரட்டுமான்னாரு. என்னைய ஒரு ஆளா மதிச்சு ஒரு சொல் சொன்னாரா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது. "இனி எங்கிட்ட ஒண்ணுமில்லடே. எல்லாம் கோர்ட்டு பாத்துக்கிடும்."

அவர் அத்தானைக் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. அகம்பாவம் என்று நினைத்தார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சில நேரம் நானும் அப்படி நினைத்திருக்கிறேன். கேட்காத மனிதனை யாரும் இளகின மனசுக்காரன் என்று எடுத்துக்கொள்வதில்லை.

ஆவணியில் ஒருநாள் காலையில் ஆமீன் வந்தார். கோர்ட் உத்தரவை நடத்தி வைக்கிறவர். வயசானவர். காலில் வீக்கம் போல, நொண்டி நொண்டி நடந்தார். கூட இரண்டு ஆட்களும் முதலாளியின் காரியஸ்தரும். பூட்டு ஒன்று காரியஸ்தர் கையில் இருந்தது. அக்கா அதற்கு முந்தியே சாமான்களைக் கட்டி வைத்திருந்தாள். ஆட்கள் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். பித்தளைக் குத்துப்போணி, பெட்டி, பாய், ஆட்டுரல், பெஞ்சு. வெளியில் கொண்டுவந்து வைத்தால் ஒரு குடித்தனம் எத்தனை சிறியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா முற்றத்து மரத்தடியில் முக்காடிட்டு உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு வெளியே ஊர் நின்றது.

ஆமீனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவராகவே அத்தானிடம் வந்து, "அவசரம் ஒண்ணும் இல்ல. வெயில் தாழ்ந்து போகணும்னாலும் போகலாம். நான் இந்த மரத்தடியில இருந்துக்கிடுவேன்" என்றார். அத்தான், "வேண்டாம். உங்களுக்கு என்னத்துக்குச் சிரமம்?" என்றார். "கொல்லையில உள்ள வாழையைப் பறிச்சிக்கிடணுமா?" என்று ஆமீன் மறுபடியும் கேட்டார். "அது அங்கேயே நிக்கட்டும்." அந்த ஆமீன் கை ஏந்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. இவர் அதில் ஒன்றும் போட மறுத்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் சாமான்களை ஏற்றி முடித்தான். நான் அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்.

காரியஸ்தர் பூட்டை எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறினார். கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

"இருங்க" என்றது ஒரு குரல். யாருடைய குரல் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அத்தான் முற்றத்தைக் கடந்து வேகமாக வந்து ஆமீனுக்கு முன்னால் நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கதவ நானே சாத்தட்டுமா?" என்று கேட்டார்.

ஆமீன் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் கதவை விட்டுவிட்டுப் படியிறங்கினார். "சாத்தும், சாத்தும். அதுக்கென்ன?" என்றார் ஆமீன்.

அத்தான் ஒரு மனிதரிடம் தனக்காக ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். கேட்ட உடனே கொடுத்துவிட்டார்கள்.